யாரும் எழுதாத நிரல்

யாரும் எழுதாத ஒன்றில் பிழை இருந்தால், அந்தப் பிழை யாருடையது?

இந்தக் கேள்வியை அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேள்விகளை இப்படி வடிவாக்கிக் கேட்கும் பழக்கமும் அவளுக்கு இல்லை. ஆனாலும் அவளுடைய அலுவலக வாழ்க்கையை எடுத்து விரித்துப் பார்த்தால், அதன் நடுவில் இந்தக் கேள்விதான் துருத்திக்கொண்டு நிற்கிறது.

படைத்துறைக்கு வரும் மென்பொருள்களின் நிரலை, அதாவது கணினிக்கு எழுதிய கட்டளைகளைப் படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். பாராட்டாக வைத்த பெயர் இல்லை. அவள் வருவதற்கு முன்பு ஒரு காலைப் பொழுதில் முடிந்துகொண்டிருந்த வேலை, அவள் வந்தபின் ஒரு வாரம் இழுத்தது. அந்த எரிச்சலில் யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தொலைபேசியை எடுத்தால், "சல்லடை பேசறேன், சொல்லுங்க" என்றே சொல்வாள். மறுமுனையில் இருப்பவர்தான் திணறிப்போவார்.

வீட்டிலும் அதே ஆள்தான். வெளியே கிளம்பினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். கணவன் படியிலேயே நின்று, "விடும்மா, பூட்டுக்கே கூச்சமா இருக்கும்" என்பான். அவன் ஒரு முறை சாவியைத் திருப்பினால் அத்தோடு அதை மறந்துவிடுகிறவன்.

இருவரும் ஒரே தொழிலில் இருந்தவர்கள். ஒரே அலுவலகத்தில் சண்டை போட்டுத்தான் அறிமுகம். அவன் எழுதும் ஒவ்வொரு நிரலின் தலைப்பிலும் எதற்கும் பயன்படாத ஓர் இடத்தை ஒதுக்கி, அதற்கு 'சும்மா' என்று பெயர் வைப்பான். ஆங்கில எழுத்துகளில், சின்னதாக. "இது எதுக்கு?" என்று அவள் அன்று கேட்டாள். "சும்மாதான். என்னிக்காவது தேவைப்பட்டா?" என்றான். "தேவைப்படாததை எழுதறவர் தேவைப்படறதை விட்டுடுவார்" என்று அவள் மேலதிகாரிக்குக் குறிப்பு அனுப்பினாள். அடுத்த ஆண்டு கல்யாணம்.

பிறகு அந்த ஆணை வந்தது. அதுவரை படைத்துறையின் இயந்திரங்களுக்குள் ஏகப்பட்ட கணினி மொழிகள் கலந்து கிடந்தன. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் புரியாது. எழுதியவர் ஓய்வு பெற்றுப் போனால் அந்த இயந்திரமும் அவரோடு பாதி ஓய்வு பெற்றுவிடும். ஆகவே, இனி மனிதர் கையால் எழுதும் எதுவும் ஒரே ஒரு மொழியில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். கெட்ட விதி என்று சொல்ல முடியாது. தப்புச் செய்வதையே கடினமாக்கும்படி யோசித்து அமைத்த மொழி அது. எல்லோரும் அதைப் புது மொழி என்றார்கள்.

கணவனுக்கு அது பிடிபடவில்லை. பிடிபட அவன் இடம் கொடுக்கவில்லை என்பதுதான் சரி. "சொல்லிக் கொடுத்ததைச் சொல்றதுக்கு நான் என்ன கிளியா?" என்று வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தான். கொஞ்ச நாள் செய்தித்தாள் படித்தான். அப்புறம் அதையும் விட்டான். ஆள் இருக்கும் இடமே தெரியாமல் போனது.

ஒரு விதி என்றால் அதற்கு ஒரு விலக்கு வரும். மனிதர் எழுதாமல், ஒரு கருவியே தானாக எழுதித் தரும் நிரல் எந்த மொழியிலும் இருக்கலாம் என்றார்கள். கட்டங்களும் அம்புகளுமாக ஒரு படம் வரைந்து கொடுத்தால் போதும், கருவி அதைப் படித்து நிரலைக் கொட்டும். அந்தக் கருவிக்கு அலுவலகத்தில் ஜெனரேட்டர் என்று பெயர். கரண்ட் போனால் அதைப் போடலாமே என்று துப்புரவுப் பணியாளர் அம்மாள் ஒரு நாள் உண்மையாகவே கேட்டார்.

விலக்கோடு இரண்டு நிபந்தனைகள் வந்தன. தானாகப் பிறந்த நிரலை மனிதக் கை தொடக் கூடாது. மாற்றம் வேண்டுமானால் படத்தை மாற்றிக் கருவியை மறுபடி ஓட்ட வேண்டும். ஆய்வாளர் படத்தை மட்டும் பார்த்தால் போதும். வெளியே வரும் நிரலைப் படிக்கத் தேவையில்லை. சல்லடைக்கு இது முதலில் உறுத்தியது. போகப்போகப் பழகியது. படங்கள் சுத்தமாக இருந்தன. அவளும் படத்தைப் படித்தாள், கையெழுத்துப் போட்டாள். பழக்கம் என்பது உறுத்தலின் மேல் மெதுவாகப் படியும் தூசிதான். ஒரு கட்டத்தில் தூசியையே மேசை என்று நினைத்துவிடுகிறோம்.

கணவனின் பழைய சிநேகிதர் ஒருவர், படைத்துறைக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் நிறுவனம் வைத்திருந்தார். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். அதனால் வீட்டில் எல்லோருக்குமே அவர் சித்தப்பா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்தான் கணவனுக்கு ஏதோ வேலை கொடுத்தார். பழைய மொழியில் மாதிரிகள் எழுதித் தர வேண்டுமாம். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையின் ஒரு முனை அவன் அலுவலகம் ஆயிற்று. குளித்து, சட்டை மாட்டி, காலையிலேயே உட்கார்ந்துவிடுவான். விசில் அடித்தான். ஆள் திரும்பி வந்துவிட்டான் என்று அவளுக்கு இருந்தது. என்ன எழுதுகிறான் என்று கேட்கவில்லை. அவள் வேலை ரகசியம் என்பதால் வீட்டில் வேலைப் பேச்சே கிடையாது என்று கல்யாணம் ஆன புதிதில் ஓர் ஏற்பாடு. அவளுடையதை அவன் கேட்க மாட்டான். சரிக்குச் சரியாக அவனுடையதை அவள் கேட்க மாட்டாள். கண்ணியமான ஏற்பாடு. அதன் மறைவில்தான் எல்லாம் நடந்தது.

அந்த வாரம் சித்தப்பாவின் நிறுவனத்திலிருந்து அவள் மேசைக்கு வந்தது பாலம் போடும் வண்டியின் நிரல். பெரிய லாரி, அதன் முதுகில் மடித்துவைத்த இரும்புப் பாலம். ஆற்றங்கரையில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால், பாலம் எழுந்து, விரிந்து, எதிர்க்கரையில் இறங்கும். ஒரு வீட்டின் கூரை இறங்குவது போல இருக்கும். கீழே ஆள் இருந்தால் உணர்கருவி கண்டுபிடித்துச் சொல்லும், பாலம் அப்படியே நின்றுவிட வேண்டும். படத்தில் இது தெளிவாக இருந்தது: இறங்கி முடியும்வரை கீழே பார்த்துக்கொண்டே இரு.

புதிதாக ஓர் உத்தரவால், இந்த முறை படத்தோடு ஜெனரேட்டரையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அது கையில் கிடைத்தது இதுதான் முதல் தடவை. சல்லடைக்கு ஒரு பழக்கம் உண்டு. எது வந்தாலும் முதலில் கிள்ளிப் பார்ப்பாள். கிள்ளினால் அழ வேண்டும். அழாத குழந்தையை அவள் நம்ப மாட்டாள். படத்தில் காத்திருக்கும் நேரம் ஐந்து நொடி என்றிருந்ததை எட்டு என்று மாற்றி, ஜெனரேட்டரை ஓட்டினாள். வெளியே வந்ததையும், படத்தை மாற்றும் முன்பு வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஒரு புள்ளிகூட மாறவில்லை.

கணினியை அணைத்து மறுபடி போட்டாள். அதே. படத்திலிருந்து ஒரு கட்டத்தையே அழித்துவிட்டு ஓட்டினாள். அதே. அலுவலகத் தொலைபேசியில் சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க அண்ணி. ஆபீஸ் நம்பர்ல இருந்து கூப்பிடறீங்க, ஏதாவது வம்பா?"

"படத்துல ஒரு நம்பரை மாத்தினேன். வெளிய வர்றது மாறலை."

"நீங்க எதுக்கு அண்ணி வெளிய வர்றதைப் பாக்கறீங்க? படத்தைப் பாத்தா போதும்னுதானே விதி?"

"படத்தைத்தான் மாத்தினேன்னு சொல்றேன்."

"பழசு எங்கியாவது தங்கியிருக்கும். அணைச்சுட்டுப் போட்டுப் பாருங்க."

"அணைச்சுப் பாத்தாச்சு."

"மூணு தடவையா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அண்ணி, நான் அப்புறம் கூப்பிடறேன்."

அவர் கூப்பிடவில்லை. அவளும் காத்திருக்கவில்லை. ஜெனரேட்டரையே பிரித்துப் பார்த்தாள். அது புது மொழியில், விதிப்படி, அழகாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. அது படத்தைப் படிக்கிறது. படித்தாயிற்று என்று ஒரு வரி எழுதுகிறது. பிறகு படத்தை ஓரமாக வைத்துவிட்டு, தன் வயிற்றில் ஏற்கெனவே கிடக்கும் நிரலை அப்படியே வெளியே கக்குகிறது. அளவெல்லாம் பக்குவமாக எடுத்துவிட்டு, உள்ளே போய் முன்பே தைத்து வைத்த சட்டையை எடுத்து நீட்டும் தையல்காரனைப் போல.

யாரோ ஒரு மனிதர் கையால் எழுதிய நிரல். பழைய மொழியில். அதற்குக் கருவி என்று ஒரு போர்வை. கருவி கொட்டியதால் எந்த மொழியிலும் இருக்கலாம். யாரும் படிக்கத் தேவையில்லை.

படிக்கத் தேவையில்லாததைப் படிக்கத் தொடங்கினாள். முதல் பக்கத்தின் தலைப்பிலேயே, எதற்கும் பயன்படாத ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. அதன் பெயர்: சும்மா. ஆங்கில எழுத்துகளில், சின்னதாக.

நாற்காலியை மேசையிலிருந்து தள்ளிக்கொண்டாள். மங்கல் கண்ணாடி போட்ட ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் எதுவும் தெரியாது. தெரியக் கூடாதென்றே போட்ட கண்ணாடி. எந்த இயந்திரமும் எதற்கும் சும்மா என்று பெயர் வைக்காது. உலகத்தில் வேறு மனிதர்களும் வைக்க மாட்டார்கள். அந்த நிரலை எழுதியது யார் என்று அவளுக்கு முகம் தெரியும், குரல் தெரியும், எந்தப் பக்கம் படுத்தால் குறட்டை வரும் என்பது வரைக்கும் தெரியும்.

தொடர்ந்து படித்தாள். பாலம் இறங்கும் பகுதி வந்தது. இறங்கத் தொடங்கும் முன் கீழே ஆள் இருக்கிறாரா என்று நிரல் பார்த்தது. ஒரு முறை. அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்து அறை ஆய்வாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

கணவன் மேசையில்தான் இருந்தான். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வறுத்த கடலை. வாசலில் அவளைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஏங்க, சும்மான்னு இப்பவும் பேர் வைக்கிறீங்களா?"

அவன் சிரித்துவிட்டான். "என் ஸ்கிரீனை எட்டிப் பாத்தியா? ஏற்பாட்டை மீறிட்டே பாரு."

"நான் ஆபீஸ்ல பாத்தேன்."

கடலையை நோக்கிப் போன கை நின்றது. அவன் முகத்தில் புரிதல் மெதுவாகத்தான் வந்தது. "உன் ஆபீஸ்ல எப்படி இருக்கும்? நான் மாதிரிதானே எழுதித் தர்றேன். மெஷின் அதைப் பாத்துக் கத்துக்கும், அப்புறம் அதுவே எழுதும்னு அவன் சொன்னானே."

"எந்த மெஷினும் எதையும் கத்துக்கலை. நீங்க எழுதினது அப்படியே வருது."

"அப்போ மெஷின்?"

"நீங்கதான்."

பிறகு அவள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவன் கண்களில் ஒரு வெளிச்சம். "அப்போ என்னோடது ஓடுதா? நெஜமாவே எங்கியோ ஓடுதா?"

அந்த வெளிச்சத்தை அணைக்க வேண்டியது தன் வாய்தான் என்பது அவளுக்குப் பெரிய கொடுமையாக இருந்தது. "எதுல ஓடுதுன்னு கேளுங்க. அந்தத் தூக்கி இறக்கற கை. அது என்னன்னு உங்ககிட்ட சொன்னாங்க?"

"குடோன்ல சரக்கு இறக்கறது. சுத்தி வேலி போட்டிருக்கும், வேலி பூட்டினாத்தான் பொத்தானே வேலை செய்யும்னான். அதனாலதான் ஒரு தடவை பாத்தா போதும்னு எழுதினேன். வேலிக்குள்ள எவன் வரப்போறான்?"

"அது குடோன் இல்லைங்க. பாலம். பட்டாளத்துப் பாலம். ஆத்தங்கரையில போடறது."

"வேலி?"

"ஆத்தங்கரையில ஏதுங்க வேலி?"

அவன் எழுந்தான். எழுந்தது எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை, மறுபடி உட்கார்ந்தான். "எத்தனை டன்னு அது?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஐயோ" என்றான், மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

அவன் தப்பாக எழுதவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. குடோனுக்கு அது சரியான நிரல். ஆற்றங்கரைக்கு வரைந்த படமும் சரியான படம்தான். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய ஓர் ஆளை மட்டும் விதி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்த ஆள் அவள்தான்.

மறுநாள் காலை கர்னலின் அறைக்குப் போனாள். ஆய்வுப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். மரியாதையான மனிதர், யாருக்கும் எழுந்து நாற்காலியைக் காட்டுவார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், எழுதியது யார் என்பதைத் தவிர. சொல்லி முடித்ததும் அவர் மேசையைத் தட்டுவார், தொலைபேசியை எடுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையாட்டினார், மழை வரும் போலிருக்கிறது என்று யாரோ சொன்னது போல.

"விதி என்னம்மா சொல்லுது? கருவி வெளியிட்டதா இருக்கணும். இதைக் கருவிதானே வெளியிட்டுது?"

"அது கருவியே இல்லை சார். பெட்டி. உள்ள வச்சதை வெளிய எடுக்குது."

"கருவிக்குள்ள என்ன இருக்கணும்னு விதியில இருக்கா? இல்லையே. நாங்களும் படிச்சோம்."

அந்த 'நாங்களும்' அவள் காதில் தாமதமாகத்தான் விழுந்தது. "உங்களுக்கு இது தெரியுமா சார்?"

"தெரியும்னு சொல்ல மாட்டேன். தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன். புது மொழி தெரிஞ்சவங்க கிடைக்கலை, பழைய மொழியில எழுதக் கூடாது, வண்டி நேரத்துக்கு வேணும். கம்பெனிக்காரங்க என்ன பண்ணுவாங்க? இதுவரைக்கும் நீங்க கையெழுத்துப் போட்டதெல்லாம் எப்படி வந்ததுன்னு நெனச்சீங்க?"

அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். எரிபொருள் நிரப்பும் பம்பு, வாயில் தடுப்புகள், முகாம் மருத்துவமனையின் மின் இணைப்பு. சுத்தமான படங்கள். ஒவ்வொன்றின் கீழும் அவள் கையெழுத்து. ஒன்றின் நிரலைக்கூட அவள் படித்ததில்லை.

"சார், ஒரே ஒரு சோதனை. பாலம் இறங்க ஆரம்பிச்ச பிறகு கீழே ஆள் போற மாதிரி. அதை மட்டும் பண்ணுங்க."

அதற்கு அவர் மறுக்கவில்லை. அன்று பிற்பகலே முற்றத்தில் வண்டியை நிறுத்தினார்கள். பழைய சீருடைக்குள் மணலை அடைத்து ஒரு பொம்மை செய்து, சக்கரப் பலகையில் நிற்கவைத்துக் கயிறு கட்டினார்கள். உணர்கருவிக்கு ஆளாகத் தெரிய, வயிற்றில் ஒரு வெந்நீர்ப் பையும் வைத்தார்கள். ஓட்டுநர் அதற்குத் தொப்பி போட்டுவிட்டு, "அண்ணே, ஒழுங்கா நில்லுங்க, மேடம் பாக்கறாங்க" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

பொத்தானை அழுத்தினார்கள். பாலம் எழுந்து, விரிந்து, இறங்கத் தொடங்கியது. கயிற்றை இழுத்தார்கள். பொம்மை உருண்டு பாலத்தின் நிழலுக்குள் போனது. உணர்கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆள் இருக்கிறார் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்கத்தான் யாரும் இல்லை. பாலம் நிற்கவில்லை. அவசரப்படவும் இல்லை. அதே சீரான வேகத்தில் வந்து, பொம்மையின் தோளைத் தொட்டு, மடக்கி, தரையோடு வைத்துத் தேய்த்தது. சீருடை கிழிந்து மணல் பீறிட்டது. வெந்நீர் ஆவியாக மேலே வந்தது.

ஓட்டுநர் வாயில் கை வைத்துக்கொண்டார். தொப்பி மட்டும் உருண்டு வந்து அவர் காலடியில் விழுந்தது. அதை எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கர்னலின் முகம் முதல் முறையாக மாறியது. "சரி பண்ணச் சொல்லுங்க" என்றார்.

"எப்படி சார்? வெளிய வந்த நிரலைக் கையால தொடக் கூடாது, விதி. படத்தைத்தான் மாத்தணும். படம் ஏற்கெனவே சரியா இருக்கு. அதை என்ன மாத்தினாலும் இது மாறாது."

அவர் சிதறிய மணலைப் பூட்ஸ் காலால் ஒதுக்கினார். "கம்பெனி மறுபடி ஜெனரேட் பண்ணி அனுப்பட்டும்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து மறுபடி எழுத வேண்டும். அது எந்த மேசை என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

வாரக் கடைசியில் சித்தப்பா வீட்டுக்கே வந்தார். வாசலிலேயே நின்றார். "அண்ணி, சத்தியமா இது இவ்வளவு தூரம் போகும்னு நெனைக்கலை. இவனுக்கு ஒரு வேலை மாதிரியும் ஆச்சு, எனக்கும் ஆச்சுன்னு..."

"குடோன்னு ஏன்டா சொன்னே?" என்று உள்ளேயிருந்து கணவன் கத்தினான். அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை. "பாலம்னு சொல்லியிருந்தா நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்டா!"

"பாலம்னா அண்ணி ஆபீஸுக்குப் போகும்னு உனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா நீ எழுத மாட்டே."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு பகலும் கணவன் எழுதினான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். ஏற்பாடு காற்றில் போயிற்று. ஒவ்வொரு வரியையும் ஆற்றங்கரையை மனதில் வைத்துப் பார்த்தார்கள். சகதியில் கால் வழுக்கினால்? ஒருவன் குனிந்திருந்தால்? உணர்கருவியே செத்துப்போனால்? அவன் பதில் சொன்னான், அவள் மறுத்தாள், அவன் மாற்றினான். கல்யாணத்துக்கு முன் போட்ட சண்டையின் மிச்சம் போல இருந்தது.

"நீ இப்படிப் பக்கத்துல உக்காந்து படிக்கிறது விதிப்படி சரியா?" என்று ஒரு சமயம் கேட்டான்.

"விதிப்படி இதை யாரும் எழுதவே இல்லை. யாரும் எழுதாததை நான் எங்க படிக்கிறது?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தலைப்பில் சும்மா இன்னும் இருந்தது. "இதை எடுத்துடவா?" என்றான். "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

நிரல் பெட்டிக்குள் போயிற்று, பெட்டி அதைக் கக்கியது. முற்றத்தில் மறுபடி ஒரு பொம்மையை நிறுத்தினார்கள். இந்த முறை யாரும் அதற்குத் தொப்பி வைக்கவில்லை. பாதி இறக்கத்தில் கயிற்றை இழுத்ததும் பாலம் அந்தரத்தில் அப்படியே நின்றது. குனிந்த பொம்மைக்கும் நின்றது, படுத்த பொம்மைக்கும் நின்றது. உணர்கருவியின் கம்பியைப் பிடுங்கினார்கள், அசையவே மறுத்தது. ஓட்டுநர் கைதட்டினார்.

இதற்கிடையில் அவள் ஒரு கோரிக்கை எழுதிக் கொடுத்திருந்தாள்: தான் முன்பு கையெழுத்துப் போட்ட அத்தனையையும் திறந்து படிக்க வேண்டும் என்று. பதில் சீக்கிரமாகவே வந்தது. அவை கையால் எழுதப்பட்டவை அல்ல, ஆகவே அவற்றைப் படித்து ஆய்வு செய்ய விதியில் இடமில்லை. அந்த வரியை அவள் நின்றபடியே படித்தாள். கோபம்கூட வரவில்லை. நெற்றியில் கல் பட்டவன் முதலில் கல்லைத்தான் தேடுவான், வலியை அப்புறம்தான் கவனிப்பான், அப்படித்தான் நின்றாள்.

சான்றிதழ் நாளில் கர்னல், சித்தப்பா, அவள் மூவரும் அறையில் இருந்தார்கள். கர்னல் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். இந்த நிரல் தானாகப் பிறந்தது, மனிதக் கை படவில்லை என்று அதில் வழக்கமான வாசகம். அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள். காகிதத்தைப் படித்தாள். எழுதவில்லை.

"இதுலயாவது உங்களுக்குச் சந்தேகம் இருக்கக் கூடாதே" என்றார் கர்னல்.

"சந்தேகம் இல்லை சார். சரியா இருக்கு. நான் பாத்ததுலயே இதுதான் சரியா இருக்கு."

"அந்த வாசகம் உறுத்துதா?" என்று அவரே பேனாவை எடுத்து, அந்த வரியை அடித்தார். மேலே தன் கையால், நிரல் படித்துப் பார்க்கப்பட்டது, சரியாக உள்ளது என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பமும் போட்டார். விதிக்குப் புறம்பான காரியம். அவர் அப்படிச் செய்வார் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. "இப்போ இதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

"இல்லை சார்."

"அப்போ போடுங்க."

சித்தப்பாவின் நெற்றியில் வேர்வை. "அண்ணி, நாங்க தெருவுக்கு வந்துடுவோம்னு பயப்படறேன்னு நெனைக்காதீங்க. அவன் முகத்துக்காகவாவது போடுங்க. இது அவன் எழுதினதுலயே நல்லது."

அவன் என்று யாரைச் சொல்கிறார் என்று கர்னல் கேட்கவில்லை. படிக்காமல் போட்ட அத்தனை கையெழுத்தும் இந்த ஒன்றின் பின்னால் வந்து வரிசையில் நிற்பது போல அவளுக்கு இருந்தது. அவள் பேனாவின் மூடியை மாட்டினாள். காகிதத்தின் மேல் வைத்தாள். எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

பக்கத்து அறை ஆய்வாளர் அந்தச் சான்றிதழில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வண்டிகள் போயின.

இதை நேர்மை என்று ஒரு சொல்லில் அடைத்துவிட ஆசை வரும். அவசரப்பட வேண்டாம். படிக்காத அத்தனையிலும் கையெழுத்துப் போட்டவள், முழுக்கப் படித்து, சரி என்று தெரிந்த ஒன்றே ஒன்றில் போட மறுத்தாள். அன்று அவள் கையெழுத்தால் யாருக்கும் கெடுதல் வந்திருக்காது. போடாததால் யாரும் காப்பாற்றப்படவும் இல்லை.

வீட்டில் கணவன் கதவருகிலேயே காத்திருந்தான். சித்தப்பா அதற்குள் சொல்லியிருக்க வேண்டும்.

"வரிக்கு வரி நீயே பாத்தியே. அதுல தப்பு இருக்கா?"

"இல்லைங்க."

"அப்புறம் ஏன்? என் கையால எழுதினதுன்னா?"

"அதில்லை."

"பின்ன என்னதான்?"

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் போய், அவன் கணினியை ஓரமாக நகர்த்தி, இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.